உள்ளங்கால் ஆணி: ஒரு பெயரும் இரண்டு நோய்களும்

உள்ளங்காலில் தடித்து, மிதிக்கும்போது குத்துகிற எதுவானாலும் நம்முடைய ஊர்களில் அதற்குப் பெயர் ஆணிதான். "கால்ல ஆணி வந்திட்டு" என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் பழைய பிளேட் ஒன்றைத் தேடி எடுப்பார்கள். இல்லாவிட்டால் பாமசியில் வட்டமாக வெட்டிய ஆணிப் பிளாஸ்டர் ஒன்றை வாங்கி வருவார்கள். இதே வளர்த்தி கைவிரலில் வந்தால் மரு என்போம், பாலுண்ணி என்போம். காலுக்கு இறங்கியதும் அது ஆணியாகிவிடுகிறது.

இந்தப் பெயர் நமக்கு மட்டும் தோன்றியதல்ல. அறபியில் 'மிஸ்மார்' என்றால் சுவரில் அடிக்கும் ஆணி. காலில் வருவதற்கும் அதுவே பெயர். கிரேக்கர் 'ஹேலோஸ்' என்றனர், உரோமர் 'கிளாவஸ்' என்றனர். இரண்டுக்கும் ஆணி என்றுதான் பொருள். சமஸ்கிருத மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை 'கதரம்' என்ற தனிப்பெயரை வைத்திருந்தாலும், அதை விவரிக்க வரும்போது கீலம், அதாவது முளையாணி போன்ற கடினமான முடிச்சு என்றே சொல்கிறது. பரல் கற்கள் உராய்ந்தோ முள் தைத்தோ பாதத்தில் அது உண்டாகும், இலந்தைப் பழம் அளவு இருக்கும், வலிக்கும் என்பது அந்நூலின் விவரணை. கத்தியால் அகழ்ந்தெடுத்துவிட்டுச் சூடான எண்ணெயால் சுடு என்பது சிகிச்சை. ஒன்றுக்கொன்று தூரமான மக்கள் ஒரே உவமையைக் கண்டெடுத்ததற்குக் காரணம் எளிது: எல்லாருடைய காலும் ஒரேமாதிரித்தான் வலித்திருக்கிறது.

ஆனால் ஆணி என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று, செருப்பும் எலும்பும் இடையில் அகப்பட்ட தோலை நசுக்குவதால் வரும் காய்ப்பு. மற்றது, ஒரு வைரஸ் தோலுக்குள் குடியேறுவதால் வரும் மரு. முதலாவது யாருக்கும் தொற்றாது. இரண்டாவது தொற்றும். முதலாவதைச் சீவினால் சுகம் கிடைக்கும். இரண்டாவதைச் சீவிய பிளேட்டை அடுத்தவர் எடுத்தால் நோயும் கூடவே போகும். இந்த வேறுபாட்டை மருத்துவம் ஒருமுறை கண்டு, தவறவிட்டு, மறுபடி கண்ட கதையே இக்கட்டுரை.

முதலில் கண்டவர்களில் ஒருவர் கி.பி. முதலாம் நூற்றாண்டு உரோமரான செல்சஸ். மருத்துவம் பற்றிய அவரது இலத்தீன் நூலின் ஐந்தாம் பகுதியில் தோல் வளர்த்திகளை நாலாகப் பிரித்து எழுதுகிறார். அவற்றில் கிளாவஸ் என்ற ஆணியும் உண்டு, 'மிர்மேசியா' என்ற இன்னொன்றும் உண்டு. மிர்மெக்ஸ் என்றால் கிரேக்கத்தில் எறும்பு. ஆணி பெரும்பாலும் பாதத்தில், நசுக்குண்டதால் வருவது, நடக்கும்போது வலிப்பது. எறும்பு மருவோ உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது. தட்டையாக, கடினமாக இருப்பது. ஆழமாக வேர் விடுவது. மற்ற மருக்களைவிட அதிகம் நோவது. இன்றைய தோல் வைத்தியர் ஒருவர் இதைப் படித்தால் தலையசைப்பார். அதோடு செல்சஸ் ஒரு முக்கியமான விஷயத்தையும் கவனித்திருக்கிறார். மற்ற வகை மருக்கள் பல தாமாகவே போய்விடும், சிறிதாக இருந்தால் இன்னும் இலகுவாகப் போகும். எறும்பு மருவும் ஆணியும் மட்டும் வைத்தியம் செய்யாமல் போவது அரிது என்கிறார். ஆணிக்கு அவர் சொல்லும் வழி அவ்வப்போது சுரண்டி விடுவது. இரண்டாயிரம் வருடங்கள் கழித்தும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

கிரேக்க மருத்துவம் அறபுக்கு வந்தபோது இந்தச் சொற்களும் கூடவே வந்தன. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஜாலீனூஸின் நூல்களைப் பெயர்த்தார். ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த பவுல் என்பவரின் மருத்துவத் தொகுப்பும் அறபுக்கு வந்தது. மரு 'துஃலூல்' ஆனது, ஆணி 'மிஸ்மார்' ஆனது, எறும்பு 'நம்லா' ஆனது. எறும்பு எறும்பாகவே பெயர்க்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஊர்ந்து பரவும் வேறொரு தோல் நோய்க்கும் அறபு வைத்தியர் நம்லா என்ற பெயரையே வைத்திருந்தார்கள். குழப்பத்துக்கு வழி அங்கேயே திறந்துவிட்டது.

இப்னு ஸீனா (980-1037) அல்-கானூனின் நாலாம் நூலில் மருவையும் மிஸ்மாரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். பெரிய தலையும் ஒடுங்கிய அடியும் உடையது மிஸ்மார். காரணம், தடித்து உலர்ந்த கரும்பித்தக் கலவை. சிலவேளை சளி உலர்ந்து அப்படி மாறுவதும் உண்டு. நாலு கலவைகளின் சமநிலையில் உடலைப் பார்த்த ஒரு காலத்துக்கு இது நியாயமான விளக்கம்தான். அதன் விளைவை மட்டும் நாம் மறக்கக் கூடாது. நோய் உள்ளிருந்து ஊறி வருவது என்று நம்பியவருக்கு, அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலிலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றாது.

இப்னு ஸீனா விளக்கம் தந்தார். செய்முறையைத் தந்தவர் அந்தலூஸின் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி. நம்முடைய சஞ்சிகைகளில் அவர் பெயர் வந்தால் 200 சத்திரசிகிச்சைக் கருவிகளை வரைந்தவர், அறுவை மருத்துவத்தின் தந்தை என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அந்தக் கருவிகளை அவர் எதற்குப் பிடித்தார் என்று பார்ப்பவர் குறைவு. 1013 அளவில் காலமான அவர், முப்பது பகுதிகள் கொண்ட அத்-தஸ்ரீஃபின் கடைசிப் பகுதியைச் சத்திரசிகிச்சைக்கென்று ஒதுக்கினார். அதில் சூடு போடுவது பற்றிய முதல் பாகத்தில், சாதாரணத் தொழிலாளியின் காலுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது: கவிழ்ந்த ஆணிகளுக்கும் கவிழாத ஆணிகளுக்கும் சூடு போடுதல்.

'கவிழ்ந்த ஆணி' எவ்வளவு பொருத்தமான சொல் என்று பாருங்கள். கையில் வரும் மரு மேல்நோக்கி வளரும். உள்ளங்காலில் வருவதை உடம்பின் பாரம் உள்ளே அழுத்திவிடும். தலை உள்ளேயும் அடி வெளியேயுமாக ஆணியைத் தலைகீழாக அடித்ததுபோல ஆகிவிடும். பாதத்தின் அடியில் தடித்துக் கரடுமுரடாக வந்து காலை நோகச் செய்யும் இதற்கு அவர் கழுகின் இறகுத் தண்டு வடிவில் ஓர் இரும்புக் குழலைச் செய்யச் சொல்கிறார். ஆணியை நாலாபக்கமும் சுற்றி வளைக்கும் அளவில், விளிம்பு மெல்லியதாக இருக்கவேண்டும். அதைப் பழுக்கக் காய்ச்சி ஆணியின் மேல் வைத்து, சூடு ஆழத்துக்கு இறங்கும்வரை கையைச் சுழற்ற வேண்டும். மூன்று நாள் விட்டால் சீழ் கட்டும். பிறகு காட்டுத் துத்தி இனச் செடியை உப்போடு அரைத்துக் கட்டி ஓர் இரவு விட்டால் வேரோடு கழன்று வரும். அதன்பின் தசை வளர்க்கும் களிம்பு. மேற்பரப்பில் வரும் கவிழாத வகைக்குக் கொதிநீர்: செம்பு, இரும்பு அல்லது இறகுக் குழலை மருவின் மேல் அழுத்திப் பிடித்து, அதனுள் சிறிது சுடுநீரை விடுவது. சுற்றியுள்ள நல்ல தோலில் சூடு படாமல் காப்பதற்கே அந்தக் குழல்.

மயக்க மருந்து இல்லாத காலம். வாசிக்கும்போதே கால் கூசுகிறது. ஆனாலும் நோயுற்ற இடத்தை மட்டும் தனியாக்கி அழிப்பது என்ற அந்த எண்ணத்தை மருத்துவம் இன்றுவரை கைவிடவில்லை. தஸ்ரீஃபின் இந்தப் பகுதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா ஊரவரான ஜெராட் தொலேதோவில் இலத்தீனுக்கு மாற்றினார். 1465இல் அனத்தோலியாவின் அமாஸ்யாவில் ஷரபுத்தீன் ஸபுன்ஜுஒக்லு அதைத் தழுவித் துருக்கியில் படங்களோடு எழுதினார். ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்லவேண்டும். அஸ்-ஸஹ்ராவி சுட்டது அழுத்தக் காய்ப்பையா, தொற்று மருவையா என்பதை அவருடைய விவரணையை வைத்து முடிவுசெய்ய முடியாது. இரண்டும் அவருக்கு மிஸ்மார்தான். செல்சஸ் பிரித்தது இங்கே மீண்டும் ஒன்றாகிவிட்டது.

இறகும் இரும்பும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குப் பால் வடியும் செடிகள் இருந்தன. டயஸ்கோரிடிஸ் அத்திப்பாலைச் சொன்னார், அறபு நூல்களும் அதைச் சொல்லின. கருஞ்சீரகம் மருவைப் போக்கும் என்பது இப்னு ஸீனாவிலும் உண்டு. தமிழ்நாட்டில் எருக்கம்பால், நம் கிழக்கில் கஜுக் கொட்டையின் ஓட்டு எண்ணெய். கஜு எண்ணெய் தோலையே பொசுக்கிவிடும். ஆணி போவதும் உண்டு, கூடவே பக்கத்துத் தோல் போவதும் உண்டு. அத்திப்பாலை 2007இல் ஈரானிய வைத்தியர்கள் உண்மையாகவே பரீட்சித்துப் பார்த்தார்கள். 25 பேரின் சாதாரண மருக்களில் ஒரு பக்கத்துக்கு அத்திப்பால், மறுபக்கத்துக்குக் குளிர்ச் சிகிச்சை. அத்திப்பாலில் 11 பேருக்கு முழுதாகப் போனது, குளிரில் 14 பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பழைய நூலில் இருக்கிறது என்பதற்காகக் கொண்டாடாமலும் ஒதுக்காமலும் சோதித்துப் பார்த்த அந்த முறை நமக்கு வேண்டியது.

செடி இல்லாத இடத்தில் சடங்கு இருந்தது. வைத்தீஸ்வரன் கோயிலில் மருவுக்காக உப்பும் மிளகும் போடுவார்கள். குளத்தில் வெல்லம் கரைப்பதும் உண்டு, வெல்லம்போல மருவும் கரையுமாம். இதைக் கிழக்கத்திய மூடநம்பிக்கை என்று ஐரோப்பியர் சொல்ல முடியாது. புதிய விஞ்ஞான முறையின் முன்னோடியென்று புகழப்படும் பிரான்சிஸ் பேக்கனே தன் கதையை எழுதிவைத்திருக்கிறார். பதினாறு வயதில் பாரிஸில் இருந்தபோது அவர் கைகளில் நூறளவில் மருக்கள் வந்தன. ஆங்கிலத் தூதுவரின் மனைவி ஒரு துண்டு பன்றிக் கொழுப்பைத் தோலோடு எடுத்து மருக்களில் தேய்த்து, வெயில் படும் யன்னலில் ஆணியடித்து வைத்தார். ஐந்து வாரத்தில் அத்தனையும் போய்விட்டன, சிறுவயது முதல் இருந்த ஒன்று உட்பட. நம்மவர் யாரும் அந்த வைத்தியத்தைத் தேடிப் போகத் தேவையில்லை. வெல்லத்துக்கும் கொழுப்புக்கும் வெற்றி தந்தது ஒன்றே. 1963இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, விடுதியொன்றில் இருந்த பிள்ளைகளின் மருக்களை எந்த வைத்தியமும் செய்யாமல் இரண்டு வருடம் எண்ணிக்கொண்டே இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே மறைந்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒருநாள் விழித்துக்கொள்ளும். அதற்கு முந்திய வாரம் யார் எதைப் பூசினாரோ, எதை ஓதினாரோ, பெயர் அவருக்குப் போய்விடும்.

தொற்று என்ற உண்மை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவானது. 1891இல் லண்டன் வைத்தியர் பேய்ன், நோயாளியின் மருவிலிருந்து தனக்கே தொற்றியதை எழுதினார். 1896இல் யாதசோன் மருத் துணுக்குகளை வேறு தோலில் பதித்து மரு வரவழைத்துக் காட்டினார். 1907இல் இத்தாலியரான சியூஃபோ இன்னும் ஒரு படி போனார். மருவை அரைத்து, பக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்த நீரைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். மாதங்கள் கழித்து மரு வந்தது. பக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று என்பது அப்போது உறுதியாயிற்று. 1949இல் அமெரிக்காவில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அந்த வைரஸைக் கண்ணுக்குக் காட்டியது.

இரண்டு வருடம் கழித்து, 1951இல், லையல், மைல்ஸ் என்ற இரு ஆங்கிலேய வைத்தியர்கள் உள்ளங்கால் மருவின் கலங்களுக்குள் காணப்பட்ட விசித்திரமான திரள்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதற்கு அவர்கள் தேடியெடுத்த பெயர் மிர்மேசியா. செல்சஸின் எறும்பு கிட்டத்தட்ட 1900 வருடம் கழித்துத் திரும்பி வந்தது. 1977இல் பாரிஸில் ஜெராட் ஓர்த் குழுவினர் உள்ளங்காலின் ஆழமான மருவுக்கும் கையின் மருவுக்கும் வேறு வேறு வைரஸ் வகைகள் என்று பிரித்துக் காட்டினார்கள். உள்ளங்கால் வகைக்கு இலக்கம் 1. மனிதப் பப்பிலோமா வைரஸ்களில் முதன்முதலாக முழு மரபணு வரிசையும் வாசிக்கப்பட்டது அந்த இலக்கம் 1இனுடையதே, 1982இல்.

இந்தக் கிளையில் இன்னொரு கதை தொங்குகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மரு வைரஸே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்த ஜெர்மனியர் ஹரால்ட் சூர் ஹவுசன், முதலில் கையில் எடுத்தது உள்ளங்கால் மருவிலிருந்து பெற்ற வைரஸைத்தான். 1974இல் அதைத் துப்பாக வைத்துப் புற்றுநோய்த் திசுக்களில் தேடினார். கிடைக்கவில்லை. கோட்பாடு பிழையென்று அவர் விட்டுவிடவில்லை, இந்த வைரஸில் பல வகை இருக்கவேண்டும் என்று எண்ணினார். 1983-84இல் 16ஆம் 18ஆம் வகைகள் அகப்பட்டன. 2008இல் நோபல் பரிசு. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். "எங்கட பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். அந்த ஊசி கால் மருவுக்கானது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சிகிச்சையின் கதை இவ்வளவு வேகமாக நகரவில்லை. வில்லோ மரப்பட்டையின் சாம்பலைக் காடியில் குழைத்து ஆணிக்குப் பூசு என்று டயஸ்கோரிடிஸ் எழுதினார். இன்றைய ஆணிப் பிளாஸ்டரில் உள்ள சலிசிலிக் அமிலத்தின் பெயரே வில்லோவின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. இதைக் காட்டிப் பழையவர்களுக்கு அன்றே தெரியும் என்று எழுதுவோர் உண்டு. பட்டையைச் சாம்பலாக்கினால் அந்தச் சத்து எரிந்துபோய்விடும். சாம்பலின் காரமும் காடியும் செய்த வேலையே அது. உண்மையான சலிசிலிக் அமிலம் 1874க்குப் பிறகு தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. ஹம்பர்க்கில் உன்னா என்ற தோல் வைத்தியர் அதைப் பிளாஸ்டரில் ஏற்றினார். குளிர்ச் சிகிச்சை 1899இல் நியூயோர்க்கில் திரவக் காற்றோடு ஆரம்பித்து, 1950இல் திரவ நைதரசனுக்கு வந்தது. அஸ்-ஸஹ்ராவி சூட்டால் செய்ததைக் குளிரால் செய்வது. இடையில் எக்ஸ்-கதிரையும் விட்டுவைக்கவில்லை. மரு போனது. சிலருக்கு வருடங்கள் கழித்து அதே இடத்தில் ஆறாத புண் வந்தது. சாதாரண மருவுக்குக் கொடுத்த மிகப் பெரிய விலை அது.

இத்தனைக்கும் பிறகு எது மேல்? 2011இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒரு பரீட்சையை வெளியிட்டது. உள்ளங்கால் மரு உள்ள 240 பேர். ஒரு பாதிக்கு வைத்தியர் கையால் திரவ நைதரசன், மறு பாதிக்கு வீட்டில் தாமே பூசும் 50 வீதச் சலிசிலிக் அமிலம். 12 வாரத்தில் முழுதாகக் குணமானோர் இரு பக்கமும் 14 வீதம். செலவு கூடிய சிகிச்சைக்கும் மலிவானதற்கும் வித்தியாசமே இல்லை, இரண்டும் பெரிதாகச் சாதிக்கவும் இல்லை. வைத்தியம் செய்யாமல் போவது அரிது என்ற செல்சஸ், வைத்தியம் செய்தாலும் இலகுவில் போகாது என்று சேர்த்திருக்கலாம்.

ஆகவே பொறுமைக்காரருக்குத்தான் இந்த நோய் வழிவிடும். இளஞ்சூட்டு நீரில் காலை ஊறவைத்து, வெளுத்த தோலைத் தேய்த்துவிட்டு, மருந்தை மருவின் மேல் மட்டும் பூசி, வாரக்கணக்கில் விடாமல் செய்யவேண்டும். வேரோடு பிடுங்குவேன் என்று தோண்டுவதில் பயன் இல்லை. மருவுக்கு வேர் கிடையாது. அது மேல்தோலில் மட்டுமே வாழ்கிறது. வேர் என்று நாம் நினைக்கும் கறுப்புப் புள்ளிகள், நுண்ணிய நாளங்களில் உறைந்த இரத்தம். அந்தப் புள்ளிகளே அடையாளமும் ஆகின்றன. மேற்தோலை மெல்லச் சீவும்போது புள்ளிகள் தெரிந்தால், கைரேகை போன்ற தோல் வரிகள் அந்த இடத்தில் அறுந்து விலகிப் போனால், நேரே அழுத்துவதைவிட இரு பக்கமும் கிள்ளும்போது கூட நொந்தால், அது மரு. எலும்பு முட்டும் இடத்தில், வரிகள் தொடர்ந்து ஓட, நேரே அழுத்தும்போது நொந்தால் அது காய்ப்பு. காய்ப்புக்கு மருந்தைவிடச் செருப்பை மாற்றுவதே முதல் வைத்தியம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதில் எதையும் வீட்டில் செய்யக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். ஆணிப் பிளாஸ்டரின் அமிலம் நல்ல தோலை அரித்துக் குழியாக்கினாலும் நோவு தெரியாது. மூத்தம்மாவின் காலில் ஆணி என்று பேரப்பிள்ளை பிளாஸ்டர் வாங்கிக் கொடுப்பது அன்புதான். அந்தக் காலை முதலில் கிளினிக்கில் காட்டவேண்டும்.

இனிப் பள்ளிவாசலுக்கு வருவோம். இந்த வைரஸ் ஊறி மென்மையான தோலின் சிறு வெடிப்புகளால் புகும். ஈரத் தரையும் வெறுங்காலும் அதற்குத் தோது. இங்கிலாந்தில் இதைப் பாடசாலை நீச்சல் தடாகங்களின் நோயாகவே பேசினார்கள். நமக்கு ஹவுழடி இருக்கிறது, மத்ரஸா விடுதிகளின் குளியலறை இருக்கிறது. வுழூ எடுப்பதால் நோய் வருகிறது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் தேங்காத தரையும், நடக்க ஒரு சோடிக் கட்டைச் செருப்பும், கால் துடைக்க அவரவர் துணியும் இருந்தால் போதும். விடுதிப் பிள்ளைகள் ஒரே நகவெட்டியை, ஒரே தேய்கல்லை மாற்றி மாற்றிப் பாவிப்பதை நிர்வாகம் நிறுத்தலாம். மரு உள்ள பிள்ளையை ஸஃப்பில் இருந்து விலக்கவேண்டிய தேவை எதுவும் இல்லை, பிளாஸ்டரால் மூடினால் சரி. பிளாஸ்டரோடு வுழூ எப்படி என்ற கேள்வி அதோடு வரும். காயக்கட்டின் மேல் மஸ்ஹு செய்வது பற்றி ஃபிக்ஹு நூல்களில் 'ஜபீரா' என்ற பெயரில் தனிப் பாடமே உண்டு. எத்தனை நாள் கட்டு இருக்கும், கழற்றினால் என்ன ஆகும் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, மீதியை ஊர் ஆலிமிடம் கேட்டால் அவர் சொல்லித் தருவார்.